எத்தனை கிலோ தாங்கும்?

என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் ஒரு பள்ளம் இருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் சரியாகப் பொருந்தும். பார்க்கிறவர்கள் மாடு இடித்ததா, விழுந்து எழும்பினாயா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. மாங்குளத்துக்கு உட்பக்கமாக ஒரு தொலைத்தொடர்பு டவரில் 30 மீற்றர் உயரத்தில் நட்டு இறுக்கிக்கொண்டிருந்த எங்கள் பெடியன் ஒருவனின் கையிலிருந்து நழுவிய 24ஆம் நம்பர் ஸ்பனர் செய்த வேலை அது.

சைக்கிள் டவரடியில் நின்றிருக்கவில்லை. பதினைந்து காலடி தள்ளி, வேலியோரம் வேப்பமர நிழலில் விட்டிருந்தேன். ஸ்பனர் நேராக விழுந்திருந்தால் அங்கே வந்திருக்காது. பாதி வழியில் ஒரு கோண இரும்பில் 'டங்' என்று பட்டுப் பக்கவாட்டில் பறந்தது. கீழே நிற்கிறவன் டவரின் நான்கு காலுக்குள் நிற்காமல் விட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

அன்றிரவு வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தேன். ஸ்பனர் அரைக் கிலோகூட இல்லை, 400 கிராம் வரும். 30 மீற்றரிலிருந்து விழுந்தால் நிலத்தைத் தொட இரண்டரை விநாடி. தொடும்போது வேகம் மணிக்கு 87 கிலோமீற்றர். இரவில் ஏ9 வீதியில் ஓடுகிற கொழும்பு பஸ்ஸின் வேகம். அடியின் கனம், 12 கிலோவை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து தலையில் போட்டதற்குச் சமம். நாங்கள் போடுகிற ஹெல்மெட்டை ஐரோப்பியத் தரமான ஈ.என். 397 எப்படிச் சோதிக்கிறது தெரியுமா? 5 கிலோவை ஒரு மீற்றரிலிருந்து போட்டு. அன்றைக்கு வந்தது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஹெல்மெட் போட்டிருக்கிறோம்தானே என்ற நிம்மதி அதோடு போய்விட்டது.

நாங்கள் ஐந்து பேர். மீள்குடியேறி வந்த காலத்தில் கூரை வேலையில் தொடங்கி, அப்புறம் டவர், தண்ணீர்த் தாங்கி, அரிசி ஆலை, இப்போது சோலார் என்று உயரத்தில் எது கிடைத்தாலும் செய்கிறோம். ஆளைக் கட்டுவதில் ஓரளவு கவனமாகத்தான் இருந்தோம். கருவியைக் கட்ட வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. ஸ்பனர் காற்சட்டைப் பையில், சுத்தியல் இடுப்புப் பட்டியில், கைத்தொலைபேசி சேர்ட் பையில். அந்தத் தொலைபேசியும் ஒருநாள் விழத்தான் போகிறது.

விசுவமடுவில் இருக்கும் எங்கள் பெரியப்பா முன்பு பனை ஏறினவர். ஸ்பனர் கதையைச் சொன்னபோது அவர் அதிசயப்பட்டது வேறு ஒன்றுக்கு.

"அதைக் கட்டேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லைப் பெரியப்பா, கையிலதானே பிடிச்சிருக்கிறான்."

"பாளைக் கத்தி ஒருக்கால் விழுந்தா இறங்கி எடுத்துக்கொண்டு திரும்ப ஏற வேணும். அந்தப் பஞ்சியிலயே விழாமல் வைச்சிருப்பம்."

பாதுகாப்பு, விதிமுறை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பஞ்சி, அதாவது சோம்பல், அவ்வளவுதான். காலில் பனையைப் பற்றி ஏற மாட்டுகிற தளைநார், இடுப்பில் கத்திக்கூடு. ஒவ்வொன்றுக்கும் தன் இடம் இருந்தது.

சரி, கட்டுவோம் என்று இறங்கினோம். முதலில் செய்தது முட்டாள்தனம். மீன்பிடிக்காரரிடம் வாங்கின நைலோன் கயிற்றை ஸ்பனரின் நடுத்தண்டில் முடிந்து மறுமுனையை மணிக்கட்டில் கட்டினோம். எண்ணெய் பட்ட ஸ்பனரில் எந்த முடிச்சும் நிற்காது. இரண்டாம் நாளே முடிச்சு வழுகி ஸ்பனர் போய்விட்டது. நல்லகாலம், அன்று வேலை மூன்று மீற்றரில். அப்புறம் துளை போட்டுக் கட்டலாம் என்று ஒருவன் சொன்னான். அதையும் செய்யக் கூடாது. கருவியில் துளை போட்டால் அதன் பலம் குறையும். மின்வேலைக்கான பிளையர் என்றால் கைபிடியின் மின்காப்பே போய்விடும்.

இப்போது செய்வது இதுதான். வளையம் தைத்த சிறிய நாடா வால் ஒன்றைக் கருவியின் தண்டோடு சேர்த்து வைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறோம். அந்த வளையத்தில்தான் கயிற்றின் கொக்கி. வட்டக் கண் உள்ள ஸ்பனர் என்றால் கண்ணுக்குள்ளேயே கயிற்றின் தடத்தைக் கோத்துவிடலாம், ஆனால் அந்தக் கண்ணால் நட்டை இறுக்க முடியாமல் போகும். கயிற்றுக்கு விறைப்பானதைவிட ரப்பர் ஓடிய இழுவைக் கயிறு நல்லது. கருவி விழும்போது சுண்டுகிற சுண்டலை அது வாங்கிக்கொள்ளும். நீளம், கை முழுதாக நீண்டால் போதும் என்ற அளவு. அதற்கு மேல் இருந்தால் டவரின் ஒவ்வொரு போல்ட்டிலும் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கழற்றிவிடுவான். கழற்றத் தோன்றாத கயிறுதான் நல்ல கயிறு என்று பலமுறை கண்டிருக்கிறேன், அது எத்தனை விலையாக இருந்தாலும்.

பாரத்தில்தான் பெரிய பிழை விட்டோம். ஸ்பனருக்குப் பழகின உற்சாகத்தில் மூன்றரைக் கிலோ கிரைண்டரை ஒருவன் தன் ஹானஸின், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டுகிற பாதுகாப்புப் பட்டியின், இடுப்பு வளையத்தில் கட்டிக்கொண்டு ஏறினான். கை தவறியது. கிரைண்டர் விழவில்லை, கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சுண்டலில் அவன் இடுப்பு திரும்பி ஒரு கால் படியை விட்டு வழுகியது. ஆளைப் பிடித்தது அவனுடைய மற்றக் கயிறு. கருவியைக் காப்பாற்றப் போய் ஆளை இழுத்து விழுத்தப் பார்த்தோம். வெளிநாட்டு வழிகாட்டிகள் 5 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ என்று எல்லை வைக்கின்றன. அதற்கு மேற்பட்ட கருவியை ஆளில் கட்டாமல் டவரின் இரும்பிலோ கூரைத் தீராந்தியிலோ கட்ட வேண்டும். நாங்கள் 2 கிலோ என்று வைத்துக்கொண்டோம். மணிக்கட்டில் கட்டுவது பிளையர், சின்ன ஸ்பனர் அளவோடு சரி. அமெரிக்காவில் 2018இல் கருவிக் கயிறுகளுக்கென்றே அன்சி 121 என்று தனித் தரம் வந்திருக்கிறது. அந்தத் தரத்தில் செய்த கயிற்றில் எத்தனை கிலோ வரை கட்டலாம் என்று அடையாளத் துண்டில் இருக்கும். கயிறு, வால், வளையம் மூன்றிலும் எது குறைவோ அதுதான் கணக்கு.

சுழலுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இந்தக் கயிறுகள் எதுவும் வேண்டாம். ஓர் அரிசி ஆலையில் முதலாளி எல்லோருக்கும் படம் போட்ட அடையாள அட்டை அடித்து, கழுத்தில் தொங்கவிட நல்ல நீல நாடாவும் கொடுத்திருந்தார். கருவிக் கயிற்றுக்குச் சொல்கிற அதே ஆங்கிலப் பெயர்தான் அந்த நாடாவுக்கும், லான்யார்ட். குனிந்து வார்ப் பட்டியைப் பார்க்கும்போது அட்டை ஊசலாடுகிற இடத்தைக் கண்டதும் எனக்கு வயிறு கலங்கியது. இழுத்தால் பிடரியில் தானாகக் கழன்றுவிடும் பூட்டு உள்ள நாடாக்கள் இருக்கின்றன, விலையும் பெரிதாக இல்லை. அதைவிட, அட்டையைச் சேர்ட் பையில் குத்திவிடலாம். முதலாளிக்கு அழகு குறைந்ததில் கொஞ்சம் மனவருத்தம்.

இனி ஆளைக் கட்டுகிற கயிறு.

எங்கள் பக்கத்தில் இந்தச் சாமான் முழுவதுக்கும் ஒரே பெயர், 'பெல்ட்'. பெல்ட் போட்டாயா, பெல்ட் கொழுவினாயா. கடைக்குப் போனாலும் பெல்ட் தாங்கோ என்போம், கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை கிலோ தாங்கும்?" கிளிநொச்சியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நானும் அதைத்தான் கேட்டேன். கடைக்காரர் துண்டைக் காட்டினார், 22 கிலோநியூட்டன். "இரண்டாயிரத்து இருநூறு கிலோ தாங்கும் அண்ணை, லொறியையே தூக்கலாம்." அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் பிழையான கேள்வி கேட்டேன். கயிறு அறாது. கயிற்றின் மறுமுனையில் இருக்கிற முள்ளந்தண்டு என்ன ஆகும்? விறைப்பான கயிற்றில் இரண்டு மீற்றர் விழுந்து சடாரென நின்றால் கயிறு முழுசாக இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

அதற்குத்தான் அதிர்ச்சி தாங்கி. கயிற்றின் முனையில் ஒரு சின்னப் பொதி போல இருக்கும். உள்ளே மடித்துத் தைத்த நாடா. விழும்போது தையல் படிப்படியாகக் கிழிந்து வேகத்தை வாங்கும். ஈ.என். 355 தரத்தின்படி உடம்புக்கு வருகிற விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. கயிறும் தாங்கியும் சேர்ந்த நீளம் 2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. சோதிப்பது 100 கிலோ நிறையில். நீங்கள் 90 கிலோ, கருவிப் பை 15 கிலோ என்றால் துண்டில் அதிகூடிய பாரம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஒருமுறை விழுந்து கிழிந்த தாங்கி பிறகு வெறும் நாடாதான், எறிய வேண்டும்.

அதிர்ச்சி தாங்கி வாங்கியதும் எங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. பரந்தன் பக்கம் ஓர் ஆலையில் கூரைத் தகரம் மாற்றினோம். கூரை விளிம்பு நாலரை மீற்றர். எல்லோருக்கும் புதுச் சாமான், காலடியில் ஓடிய இரும்பில் கொழுவிக்கொண்டு வேலை. அங்கே சோலார் பொருத்த வந்திருந்த மேற்பார்வையாளர் ஒருவர், மன்னாரில் காற்றாலை வேலை பழகினவர், கீழே நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணை, இந்தப் பெடியன் விழுந்தால் எங்க நிப்பான்?" கயிறு பிடிக்கும் என்றேன். அவர் நெல் காயவிடுகிற களத்தில் கால் பெருவிரலால் கோடு போட்டார். கயிறு 2 மீற்றர். தாங்கி முழுதாக விரிந்தால் 1.75 மீற்றர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீற்றர். கூட்டினால் 5.25. அதோடு கைகாவலாக ஒரு மீற்றர் விட வேண்டும், 6.25. கொழுவுகிற இடத்துக்குக் கீழே அவ்வளவு வெறும் இடம் வேண்டும். எங்களிடம் இருந்தது நாலரை.

அதாவது, உலகத்தரத்தில் கயிறு கட்டிக்கொண்டு நிலத்தில் விழ ஏற்பாடு செய்திருந்தோம்.

அதன் பிறகு கடையிலும் வேலைத்தளத்திலும் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது: கீழே எவ்வளவு இடம் இருக்கிறது? எங்கே கொழுவப் போகிறோம்? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தக் கயிறு என்பது தானாக வந்துவிடும். உயரமான டவரில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதிர்ச்சி தாங்கிக் கயிறு சரி. ஆனால் கொக்கியைத் தலைக்கு மேலே கொழுவப் பழக வேண்டும். தலைக்கு மேலே என்றால் விழுகிற தூரம் அற்பம். காலடியில் கொழுவினால் கயிற்றின் நீளத்தைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விழுந்த பிறகுதான் பிடிக்கும்.

தாழ்வான கூரையில் பிடிக்கிற கயிற்றைவிடத் தடுக்கிற கயிறு நல்லது. மாட்டுக்கு முளை அடித்துப் பயிர்வரை எட்டாமல் கயிற்றை அளந்து விடுவதில்லையா, அதே மாதிரி. விளிம்புக்கு அரை மீற்றர் இருக்கும்போதே கயிறு முடிந்துவிட வேண்டும். விழவே வழியில்லை. இதற்கு அதிர்ச்சி தாங்கியே தேவையில்லை. அந்தப் பரந்தன் கூரையை அப்படித்தான் முடித்தோம்.

ஆனால் பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரையில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஆட்கள் விளிம்பால் விழுவதில்லை, நடுவால் விழுகிறார்கள். வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடிச் சீற்றில் பாசியும் தூசியும் படிந்தால் மற்றச் சீற் மாதிரியே இருக்கும். பலகை போட்டு நடக்க வேண்டும், கீழே வலை கட்ட முடிந்தால் கட்ட வேண்டும், கொழுவ மேலே இடம் இருந்தால் தானாகச் சுருளும் பெட்டிக் கயிறு வேண்டும். கார் சீற் பெல்ட் வேலை செய்கிற மாதிரிதான் அதுவும். மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்றால் பிடிக்கும், சாதாரணக் கயிற்றைவிட வெகு சீக்கிரம் நிறுத்தும். விலை கூட. எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் சீற் கூரையில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஏறுவான். வேலை கொடுத்தவர்கள் இதற்கு முறைப்பார்கள்.

கம்பத்தைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து நிற்கிற இடுப்புப் பட்டி வேறு. அது கையை விட்டு வேலை செய்வதற்கு, விழுந்தால் பிடிப்பதற்கு அல்ல. வெறும் இடுப்புப் பட்டியில் விழுந்து தொங்கினால் வயிறும் முதுகும் மடிந்துவிடும். சாய்ந்து நிற்கிறபோதும் மேலே இன்னொரு கயிறு வேண்டும்.

டவருக்கு இரட்டைக் கொக்கிக் கயிறு இல்லாமல் ஏறுவதில்லை. ஒன்றைக் கழற்றும்போது மற்றது கொழுவியிருக்கும். இதில் எனக்கே பல வருடம் தெரியாத ஒரு விசயம் உண்டு. சும்மா இருக்கிற கொக்கியை இடுப்பின் இரும்பு வளையத்தில் மாட்டிவிடுவோம், தொங்கிக்கொண்டிருந்தால் இடைஞ்சல்தானே. அப்படி மாட்டினால், விழும்போது சும்மா இருக்கிற அந்தக் கொக்கியின் கயிறு இழுபட்டு அதிர்ச்சி தாங்கியை விரியவிடாமல் பிடித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கின பொதி கிழியாமலே அடி முழுவதும் உடம்புக்கு வரும். ஹானஸில் தோள்பக்கமாக, இழுத்தால் கழன்றுவிடுகிற துணி மாட்டி ஒன்று இருக்கும். கொக்கிக்கு இடம் அதுதான். தாங்கி வைத்த தனிக்கயிறு இரண்டை ஒருங்கே கொழுவுவதும் அப்படித்தான் பிழை. இரண்டும் சேர்ந்து இழுக்கும், விசை கூடும். கொக்கி வாங்கும்போது வாய் அகலத்தையும் பாருங்கள். டவரின் கோண இரும்பில் சின்னக் கொக்கி நுனியால் நொண்டிக்கொண்டு நிற்கும், அகலவாய்க் கொக்கிதான் உள்ளே போய் உட்காரும். பூட்டு இரட்டை அசைவில் திறக்கிறதாக இருக்க வேண்டும்.

விலை குறைவு என்று ஒருமுறை பழைய சாமான் வாங்கினேன். வீதிவேலை முடித்துப் போனவர்களின் மிச்சம் என்று சொல்லி விற்றார்கள். செம்மஞ்சள் நாடா இளம் மஞ்சளாக வெளுத்திருந்தது, துண்டு இல்லை, எந்த வருடம் செய்தது என்று தெரியாது. துண்டு இல்லாத கயிற்றுக்கு வயதும் இல்லை, வாக்கும் இல்லை. தையலை விரலால் கீறினேன், நூல் மாவாக வந்தது. வன்னி வெயிலுக்கு நைலோன் மெல்ல மெல்ல அவிந்துபோகும். எறிந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள் என்று துண்டு துண்டாக வெட்டினேன். அதில் நீளமான துண்டு ஒன்றில் இப்போது எங்கள் நாம்பன் கன்று நிற்கிறது.

வெயில் மட்டுமில்லை. டவரடிப் பெட்டிகளில் இருக்கும் பற்றரியின் அமிலம் நைலோனைத் தின்னும். சீமெந்துச் சாந்து பொலியெஸ்டருக்குக் கூடாது. முல்லைத்தீவுக் கரையில் ஒரு கிழமை வேலை செய்தால் கொக்கியின் வில் உப்பில் இறுகி வாய் பாதி திறந்தபடி நிற்கும், நல்ல தண்ணீரில் அலசினால் திரும்பும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட வேண்டும், தகரக் கூரையில் விரிக்கக் கூடாது. இவ்வளவும் கவனமாகச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுவதும் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் பையை வைத்திருந்தேன். இரண்டு ஹானஸை எலி வெட்டிவிட்டது. இப்போது மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளியில் தூக்கி வைக்கிறேன்.

ஏறுமுன் ஒவ்வொரு நாளும் நாடாவை விரலால் உருவிப் பார்க்க வேண்டும், வளைத்துப் பார்த்தால்தான் வெட்டு தெரியும். வருடத்துக்கு ஒருமுறை விசயம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு இறங்கித் தேங்காய் உடைக்க மறக்காத எங்கள் ஆட்கள், கொக்கியைத் திறந்து பார்க்கச் சொன்னால் நேரமில்லை என்பார்கள். நான் இரண்டையும் சேர்த்துவிட்டேன். கோயிலடியில் வான் நிற்கிற நேரத்தில், கச்சான் கொறித்துக்கொண்டே, ஆளுக்காள் மற்றவனின் கயிற்றைப் பார்க்க வேண்டும்.

விழுந்தவன் தொங்குகிறான் என்றால் அடுத்து என்ன? இதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. ஒருநாள் ஆலைத் தீராந்தியில் கட்டி எங்கள் இளையவனைத் தரைக்கு ஓரடி மேலே சும்மா தொங்கவிட்டுப் பார்த்தோம். முதல் இரண்டு நிமிடம் பகிடி. ஐந்தாம் நிமிடம் தொடைப் பட்டி இறுகிக் கால் விறைக்கிறது என்றான். முகம் வெளுத்தது. உடனே இறக்கினோம். அசையாமல் தொங்கினால் காலில் இறங்கிய இரத்தம் மேலே திரும்பாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் அது டவரில் ஏறாது. மேலிருந்து இறக்க ஒரு கயிறும் கப்பியும், அதைப் பழகின இரண்டு பேரும் கீழே எப்போதும் இருக்க வேண்டும். தொங்குகிறவன் தானே கால் ஊன்றி நிற்க ஹானஸில் மாட்டுகிற மடிப்பு நாடா ஒன்று கிடைக்கிறது. அதை விரித்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். "இது எங்கட தளைநார்தானே" என்றார்.

போல்ட், நட்டு, வொஷருக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அவற்றைக் கயிற்றில் கட்ட முடியாது. வாய் சுருக்குகிற கன்வஸ் பை வைத்திருக்கிறோம், கை உள்ளே போனால் வாய் திறக்கும், எடுத்தால் மூடும். ஆனாலும் பைக்கும் போல்ட் துளைக்கும் இடையில் ஒரு சாண் தூரம் நட்டு விரல் நுனியில்தான் போகிறது. போன மாதமும் ஒன்று விழுந்தது. புல்லுக்குள் தேடி எடுத்தோம். சைக்கிளை நான் இப்போது வீதிக்கு அந்தப் பக்கம் விடுகிறேன்.